சீனி போடாத தேத்தண்ணி

“யூஜினியாவுக்குச் சீனி போட்டுடாதீங்க, மாடில்டா.”

“தெரியும், டாக்டர்.”

“தெரியும்தான். இருந்தாலும் சொல்றேன்லா. சரி, விடுங்க, நானே கலக்குறேன்.”

உங்களுக்கு இது நினைவிருக்காது, டாக்டர் ஜூலியஸ். ஈஜோக் பக்கத்து இதே தோட்ட மருந்தகத்தில், போன வருடம், எண்பத்து மூன்றில். அதுவரை நீங்கள் கேத்தலைத் தொட்டு நான் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனிப்பு நீர் என்னும் சர்க்கரை நோய் உள்ளவர்களைக் காசம் எளிதாகப் பிடிக்கிறதா என்ற உங்கள் ஆராய்ச்சிக்கு ஆரம்பம் முதல் சளி சோதிப்பவள் நான். யூஜினியா கோலா குபு பாருவிலிருந்து அப்போதுதான் புதிதாக வந்த தாதி. அவளுக்கே இனிப்பு நீர். அவள் கோப்பையை மட்டும் நீங்கள் தனியாக எடுத்து வைப்பீர்கள்.

தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் ஜனங்கள் காசத்தை ஒளிப்பார்கள். மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் நல்லம்மாள் தன் தங்கையின் சளியைக் குப்பியில் பிடித்து, தன்னுடையது என்று கொண்டு வந்தாள். அவள் இருமலுக்கும் அந்தச் சளிக்கும் பொருத்தமில்லை என்று கண்டுபிடித்தேன். “மாடில்டாவை ஏமாத்த முடியாதுலா” என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அன்று இரவு அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் உடையப்பனுக்குக் காசம் என்று தெரிந்ததும் தினமும் போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்தீர்கள். மாத்திரையை உங்கள் கையாலேயே கொடுத்தீர்கள். நோயாளி என்றால் உங்கள் மனம் அங்கேயே தங்கிவிடும்.

மழைக்காலத்தில் யூஜினியா இருமத் தொடங்கினாள். அவளுடைய ஸ்லைடை மட்டும் நீங்களே பார்க்கப்போவதாகச் சொன்னீர்கள். நீங்கள் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். நீலத்தில் சிவப்புக் குச்சிகளாகக் காசக் கிருமிகள், நெல் சிந்தியதுபோல. அவள் கட்டிலருகே நீங்கள் உட்கார்ந்திருப்பது என் கண்முன் தெரிந்தது.

அந்த ஸ்லைடுக் கண்ணாடியை நெருப்பில் காட்டி, சளியை எரித்தேன். கொல்லைப்பக்கம் போய்க் காறி, என் சளியை வேறொரு கண்ணாடியில் தடவி, அவள் பெயரை எழுதி வைத்தேன். லயத்து ஜனங்கள் கற்றுக்கொடுத்த வேலைதான். நீங்கள் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை உங்களுக்குக் கொடுத்தது நான்.

மறுபடி சோதித்தபோதும் அப்படியே செய்தேன். எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போகலாம் என்றீர்கள். ஸ்லைடு சுத்தமாக இருக்கிறதே, மழை விடட்டும் என்றேன். அவள் இளைத்ததற்குச் சர்க்கரையைக் காரணம் சொன்னோம். கை தூக்க முடியாமல் போனபோது நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். “நீங்க எனக்கு அக்கா மாதிரி” என்றாள். நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். நோயை நான் கொடுக்கவில்லை. அவளுக்கு வந்ததை அவளுக்குச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

நேற்று அவளைப் புதைத்தோம். நுரையீரல் முழுக்கக் காசம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொல்கிறீர்கள். ஸ்லைடு எப்படிச் சுத்தமாக இருந்தது என்று கேட்கிறீர்கள். அது என் சளி, டாக்டர். எனக்கு எந்த நோயும் இல்லை. நீங்களே பார்த்துச் சொன்னீர்கள்.

இதைக் கேட்டதும் போலீசுக்கு ஆள் அனுப்பிவிட்டீர்கள். சரிதான். கோலா சிலாங்கூரிலிருந்து அவர்கள் வந்துசேர நேரமாகும். கேத்தலில் தண்ணீர் இன்னும் சூடாக இருக்கிறது. இத்தனை வருடமாக உங்களிடம் ஒன்று கேட்க நினைத்து, வாய் வராமல் இருந்துவிட்டேன்.

எனக்கு ஒரு தேத்தண்ணி கலக்கித் தாருங்கள், டாக்டர். எனக்குச் சீனி போடலாம்.