வீட்டிலிருந்தபடியே நின்றுகொண்டவர்

வேலையை விடுகிறவர் ஒரு மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை போகாமலிருந்தாலே ராஜினாமா ஆகிவிடும்.

அருள்புரத்தில் பேருந்து ஏறிய இருவர் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் பனியன் கம்பெனி டெய்லர். மற்றவர் அவருடைய மைத்துனர்.

"ஊட்ல ஃபேனுக்கடியில கம்ப்யூட்டரைத் தட்டிட்டுப் பெங்களூர்ச் சம்பளம் வாங்கறீங்க. அதைப் போயி உடறதா மாப்ள?"

"சோத்துல கை வெச்சா போன் அடிக்கறாங்க மச்சான். நெஞ்சு படபடங்குது. உங்களுக்கு ஷிப்டு முடிஞ்சா முடிஞ்சதுதானுங்க."

"பாத்ரூம் போனாலே எங்க சூப்பர்வைசர் மணி பாக்கறான். சரி, எப்ப உடறீங்க?"

"உட்டுட்டனுங்க. திங்கக்கிழமையிலிருந்து கம்ப்யூட்டரைத் தொறக்கலை."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"நம்மூர்ல யாருங்க எழுதறாங்க?"

"அவங்க தேடலையா?"

"அன்னைக்கு ரண்டு தடவை போன் அடிச்சாங்க. அப்பறம் இல்லீங்க."

"நான் ஒரு நாள் நின்னாலே காண்ட்ராக்டர் வண்டி எடுத்துட்டு வாசல்ல வந்து நிக்கறான்!"

"அதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கோணுங்க மச்சான்."

"முறையா ஒரு மெயில் போடுங்க. கெஞ்சிக் கூப்புடுவாங்க, பாருங்க."

அடுத்த மாதம் அதே பேருந்தில் அதே இருவர்.

"பதில் வந்துச்சுங்களா?"

"'ஏற்றுக்கொண்டோம்'னு ஒரே வரி. ஏன்னுகூடக் கேக்கலீங்க."

"எப்ப வந்துச்சு?"

மைத்துனர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை மெயில் போட்டனுங்க. அஞ்சாவது நிமிசம் வந்துருச்சுங்க."