சைக்கிளில் வந்த சம்பந்தம்

1975 மாசி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகும் பஸ். பிறந்த வீட்டுக்குப் போயிருந்த மனைவியை அழைத்துச் செல்லும் விவசாயி ஒருவர் என் முன் இருக்கையில் அவளிடம் பேசிக்கொண்டு வந்தார்.

“கன்னியாகுமரிக்குச் சைக்கிள்ல போற எட்டுப் பசங்க தண்ணி கேட்டு ஊட்டுக்கு வந்தாங்க. அதுல ஒருத்தன் நம்ம புள்ளையக் கட்டித் தாங்கன்னு கேட்டுப்போட்டான். பாத்ததும் தோணுச்சாம்.”

“அதை நம்பிப்போட்டீங்களாக்கும்?”

“எங்க நம்பறது? மத்தவனெல்லாம் மோர் குடிச்சானுக. இவன் மட்டும் குடிக்கல. பொண்ணு கேட்டு வாறவன் முடிவு தெரியாம கை நனைக்க மாட்டானல்ல?”

“அப்பக் கேக்கறதுக்குன்னே வந்திருக்கானுங்க. நம்ம புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்களே?”



“எட்டுப் பேருக்கும் மோர் கொண்டாந்தது அவதான். தட்டத்துல ஏழு டம்ளர்தான் இருந்துச்சு.”