வண்டியிலிருந்து தட்டுக்கு மாறிய வில்லை

காஞ்சிபுரம், யுவ வருஷம், பங்குனி மாதம். எங்கள் உயர்தரப் பாடசாலையின் விஞ்ஞானக் கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணிபுரிந்து இன்று விடைபெறும் பிள்ளையார்பாளையம் திரு. வீராசாமி முதலியார் அவர்களுக்கு, உடனுழைத்தோர் உவந்து வாசித்தளிக்கும் மடல்

கண்ணாடிக் குடுவைகளைக் கைக்குழந்தைகளாய்க் காத்த காவலரே! தராசுத் தட்டில் தூசும் தங்கவிடாத தகைமையாளரே! பித்தளையைப் பொன்னெனப் பளபளக்கச் செய்த பெருமகனே! முதல் மணிக்கு முன்னே வந்து, கடைசி மாணவன் கலைந்த பின்னே கதவடைத்து, காலத்தைக் கடிகாரத்துக்கே கற்பித்த கடமை வீரரே! வணக்கம்! வணக்கம்!

முதலில் ஒரு விண்ணப்பம். தயவுசெய்து நாற்காலியில் உட்காருங்கள். இதைப் படித்து முடிக்கும் வரையில் எழுந்திருக்கக் கூடாது. "வீராசாமி, இங்கே வா" என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்கள் இன்று "தாங்கள்" என்று ஆரம்பிப்பதில் தங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது, இனித் தப்பிக்க வழியில்லை.

இத்தகைய மடல்களில் குணங்களை வரிசையாக அடுக்குவது வழக்கம். தாங்கள் இங்கே வந்தது 1908ஆம் வருஷம். இத்தனை ஆண்டுகளில் தங்கள் பெயரில் உடைந்த குடுவைகள் இரண்டே இரண்டு. அவற்றிலும் ஒன்றை உடைத்தவர் டிராயிங் மாஸ்டர். அவர் இதோ முன்வரிசையில்தான் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். இவ்வாறே அடுக்கிக்கொண்டு போக எண்ணியிருந்தோம். ஆனால் தலைமையாசிரியர் ஸௌந்தரராஜ ஐயங்கார் அவர்கள், "அதெல்லாம் போதும், ஒரே ஒரு கதையை எழுதும்" என்று உத்தரவிட்டார். கதை அவருடையது, எழுத்து மட்டுமே தமிழ்ப் பண்டிதனாகிய அடியேனுடையது. அவர் தம்மைப் பற்றிச் சொன்ன எதையும் நான் மென்மையாக்கவில்லை. மென்மையாக்க வேண்டாம் என்று அவரே இருமுறை சொன்னார்.

1914ஆம் வருஷம். ஸௌந்தரராஜனுக்கு அப்போது வயது முப்பது, தற்காலிக விஞ்ஞான ஆசிரியர் உத்தியோகம், விறைப்பான தலைப்பாகை, அதைவிட விறைப்பான மனசு. விஞ்ஞான வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா, மூடிவிடலாமா என்று முடிவு செய்ய இன்ஸ்பெக்டர் துரை வருவதாகத் தபால் வந்திருந்தது. மூடினால் அவருடைய வேலை போகும், தங்கள் வேலையும் போகும். அறையில் ஸ்பிரிட் விளக்கின் வாசனை. சுவரில் அவர் கையால் எழுதிய பலகை: போர்ஸ், மாஸ், ஆக்ஸலரேஷன், அதாவது விசை, கனம், வேகம் கூடும் அளவு. இந்த மூன்றின் உறவை மேஜைமேல் ஓட்டிக் காட்டித் துரையை அசத்திவிடுவதென்று அவர் தீர்மானித்திருந்தார்.

ஏற்பாடு முழுவதும் தங்கள் கைவேலை. மேஜைமேல் சின்னதாக ஒரு வண்டி. அதில் கட்டிய பட்டு நூல் மேஜை விளிம்பிலுள்ள உருளையின் மேலாகப் போய், ஒரு சின்னத் தட்டைத் தொங்கவிட்டிருந்தது. தட்டில் ஈயவில்லை ஒன்றை வைத்தால் அதன் கனம் வண்டியை இழுக்கும். வண்டியின் முதுகில் சுமையாகச் சில ஈயவில்லைகள், கூடவே ஒரு கண்ணாடிக் குழாய். அதில் தங்கள் தெருச் சாயக்காரரிடம் வாங்கிய அரக்குச் சாயம். வண்டி ஓட ஓடச் சாயம் சீராகச் சொட்டி, கீழே விரித்த வெள்ளைத் தாளில் புள்ளி வைக்கும். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி அகன்றுகொண்டே போவதைப் பார்த்தாலே வேகம் கூடுவது குழந்தைக்கும் விளங்கும்.

துரை வருவதற்கு முதல்நாள், மாணவர்கள் எதிரில் ஒத்திகை. ஒரு வில்லைக்கு, ஐந்து துளி விழும் நேரத்தில் வண்டி பன்னிரண்டு அங்குலம் ஓடிற்று. இழுக்கும் விசையை இரட்டித்தால் வேகம் கூடும் அளவும் இரட்டிக்க வேண்டும், ஆகவே இருபத்து நான்கு அங்குலம் ஓட வேண்டும். ஸௌந்தரராஜன் பெட்டியிலிருந்து இன்னொரு வில்லையை எடுத்துத் தட்டில் போட்டார். வண்டி ஓடியது இருபத்திரண்டு. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். மறுபடியும் இருபத்திரண்டு. உருளையைத் துடைத்தார், மேஜைக்காலின் கீழே அட்டை வைத்தார். அந்த இரண்டு அங்குலம் வந்தபாடில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. பாயத் தோதாகத் தாங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

"நூல்ல கஞ்சி இருக்குடா! அதான் உருளையில ஒட்டிண்டு இழுக்கறது. நெசவுக்காரன் புத்தி, எதுல பார்த்தாலும் கஞ்சி! கொண்டுபோய் அலம்பிண்டு வா!"

"கஞ்சியே படலீங்க சாமி. இதுக்குன்னே எங்க வூட்டுல அது ராத்திரி குந்திக்கினு முறுக்கிக் குடுத்திச்சு" என்றீர்கள்.

"வாயை மூடு" என்றார் அவர்.

தாங்கள் நூலை அவிழ்த்துப் போய், கிணற்றடியில் அலசி, உலர்த்தி, திரும்பக் கட்டினீர்கள். மாணவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வண்டி மறுபடியும் ஓடியது. இருபத்திரண்டு அங்குலம்.

ஸௌந்தரராஜன் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுதேன் என்றே எழுதும்படி என்னிடம் சொன்னார், எழுதிவிட்டேன். அப்போது தாங்கள் வாசற்பக்கம் நின்றபடியே மெதுவாகப் பேசினீர்கள்.

"சாமி, கோச்சுக்கப்படாது. அந்தத் தட்டும் வில்லையும் சும்மா தொங்கலீங்களே. வண்டி கூடவே அதுவும் ஓடிக்கினுதானே இருக்குது?"

"அதனாலே?"

"நாங்க பட்டு நிறுக்கசொல்ல நூல் சுத்தின கட்டையும் தராசுல ஏறிடுதுங்க. அதை மறந்தா கனம் தப்பாப் பூடும். நீங்க பொட்டியிலேருந்து இன்னொரு வில்லையப் போட்டா, இழுக்கிற பலமும் ஏறுது, ஓடுற சுமையும் ஏறுது. வண்டி மேல இருக்கிற வில்லையில ஒண்ணை எடுத்துத் தட்டுல போட்டா? சுமை அதே சுமைதானுங்களே."

ஸௌந்தரராஜன் தலையைத் தூக்கினார். வண்டியும் அதன்மேல் சுமையும் சேர்ந்து பத்து வில்லைக் கனம், தட்டில் ஒன்று, ஆக ஓடுவது பதினொன்று. இரண்டாவது வில்லையை வெளியிலிருந்து போட்டதும் ஓடுவது பன்னிரண்டாகிவிட்டது. விசையை இரட்டித்தவர், அந்தக் கையோடே கனத்தையும் கூட்டிவிட்டிருந்தார்! பி.ஏ. பட்டம் வாங்கிய தலையில் ஏறாதது வாசற்படியில் நின்றவருக்குத் தெரிந்திருந்தது. வண்டியிலிருந்த ஒரு வில்லையைத் தாங்களே எடுத்துத் தட்டில் வைத்து வண்டியை விட்டீர்கள். கடைசிச் சிவப்புத் துளி இருபத்து நான்காவது அங்குலத்தில் விழுந்தது. தாங்கள் இருவரும் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம்.

மறுநாள் துரை தம்முடைய சொந்த அளவுகோலால் அளந்தார். பன்னிரண்டு, பிறகு இருபத்து நான்கு. வில்லை வண்டியிலிருந்து தட்டுக்கு மாறியதைக் கவனித்துவிட்டார் அந்த மனிதர். "இது யாருடைய யோசனை?" என்று கேட்டார். பள்ளிக் காரியதரிசி முந்திக்கொண்டு, "எங்கள் சயன்ஸ் மாஸ்டருடையது" என்றார். ஸௌந்தரராஜன் வாயைத் திறந்தார். தாங்கள் அப்போது தரையில் சிந்திய சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள், நிமிரவில்லை. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். பார்வையாளர் பதிவேட்டில் துரை, "விஞ்ஞான ஆசிரியரின் கூர்மதி பாராட்டத்தக்கது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். வகுப்பு நிலைத்தது. அவர் வேலையும் நிலைத்தது, பின்னால் இந்தப் பெரிய நாற்காலியும் கிடைத்தது.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடம் வரும். ஒவ்வோர் ஆண்டும், யாரும் சொல்லாமலே, வண்டியின் மேல் ஒரு வில்லையைத் தயாராக வைத்துவிட்டு வாசற்படிக்குப் போய் நின்றுகொள்வீர்கள். ஒரு தடவைகூட, ஒரு பார்வையால்கூட, அதை அவருக்கு ஞாபகப்படுத்தியதில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை என்கிறார் அவர். தரையின் வடக்கு மூலையில் அன்று சிந்திய சாயம் இரண்டு துளி இன்றும் இருக்கிறது. எதையும் பளபளக்கத் துடைக்கும் தங்கள் கைக்கு அது மட்டும் ஏன் போகவில்லை என்று நாங்கள் கேட்கப் போவதில்லை.

ஐயா! இன்று காலை பத்து மணிக்கு, ஆசிரியர் அனைவர் முன்னிலையிலும், அந்தப் பழைய பதிவேடு திறக்கப்பட்டது. துரையின் வரிகளுக்குக் கீழே தலைமையாசிரியர் தம் கையால் எழுதினார்: "மேற்கண்ட யோசனை என்னுடையதன்று. வீராசாமி முதலியாருடையது. அன்றே சொல்லாதது என் குற்றம்." அந்தச் சிவப்புப் புள்ளித் தாளை இத்தனை காலம் தம் மேஜை இழுப்பறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர், அதையும் இந்த மடலோடு சேர்த்துச் சட்டமிடக் கொடுத்திருக்கிறார். எங்கள் கண்கள் கலங்கிவிட்டன, மறைப்பானேன்!

விசைக்கு ஏற்ப விரைந்தும் சுமைக்கு ஏற்பப் பொறுத்தும் வாழ்ந்த பெரியீர்! பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, பெருமாள் அருளாலும் ஏகாம்பரநாதர் அருளாலும் நோயின்றி நெடுநாள் வாழ்வீராக! வழியில் போகும்போதெல்லாம் இந்த அறைக்குள் நுழைவீராக. இனி வாசற்படியில் நிற்க வேண்டாம், உள்ளே நாற்காலி போட்டிருக்கிறோம்.

மடல் முடியும் முன் தலைமையாசிரியர் தாமே வாசிப்பதாகச் சொன்ன வரி ஒன்று இருக்கிறது. அது தங்களுக்கு அல்ல. தூணோரம் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கள் இல்லத்தரசியாருக்கு:

"கிருஷ்ணம்மாள் அவர்களே, அன்று நீங்கள் முறுக்கிக் கொடுத்த நூலில் கஞ்சி இல்லை."

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவா,
ஸௌந்தரராஜன், தலைமையாசிரியர்
கைலாசம், தமிழ்ப் பண்டிதர்
பரசுராமன், டிராயிங் மாஸ்டர் (குடுவையை உடைத்தவர்)
மற்றும் பாடசாலை ஆசிரியர்கள், ஊழியர்கள்