ஒரு சாண் இறங்கிய கல்

எங்கள் ஏரிக்கு மதகு வராத காலம் அது. வெள்ளைக்காரன் எங்கேயோ சண்டை போட்டான். அந்தச் சண்டைக்கு மஞ்சளேரிப்பட்டிலிருந்தும் ஆள் போனது. துப்பாக்கி தூக்க முப்பது பேர் போனார்களாம். மூட்டை தூக்க ஒருவன் போனானாம். அவன் பேர் சடையன், சேரிக்காரன். போனது பஸ்ராவுக்கு. கடல் தாண்டி, மணல் தாண்டி, எங்கேயோ இருக்கிற பஸ்ரா.

சண்டை முடிந்தது. துப்பாக்கிக்காரர்களில் நாலு பேர் திரும்பவில்லை. சடையனும் திரும்பவில்லை. ஒரு கால் விளங்காமல் ஊன்றுகோலோடு வந்தவர் வேங்கடபதி, ஊர்த்தெருக்காரர். அவர் சேரி முனையில் நின்று, சடையன் பெண்சாதி உண்ணாமலையிடம், "அவன் இல்ல" என்றாராம். எப்படி என்று அவள் கேட்குமுன் திரும்பிவிட்டாராம்.

இரண்டு வருஷம் போனது. மாட்டுவண்டியில் ஒரு கல் வந்தது. மார் உயரக் கல், சர்க்கார் கல். 'மஞ்சளேரிப்பட்டிலிருந்து போருக்குச் சென்று உயிர் துறந்தவர்' என்று வெட்டியிருந்தது. அதன் கீழே, தனி வரியாக, 'நால்வர்'. சாவடிச் சுவரில் பதிக்கச் சொல்லி உத்தரவு.

சுவரிலா! ஊரே சிரித்ததாம். எங்கள் பக்கம் மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்கும் கல்தான். புலியோடு மல்லுக்கட்டி விழுந்தவனுக்கும் கல்தான். வேடியப்பன் என்று கும்பிடுவோம். அந்தக் கல் மண்ணில்தான் நிற்கும். அதனால் ஏரிக்கரையில் குழி தோண்டினார்கள். எழுத்து மறையாமல் கல்லை இறக்கினார்கள். மஞ்சள் பூசினார்கள். செத்தவருக்கு ஒரு இலை வீதம் நாலு இலை போட்டார்கள். குழியை மூடுவதுதான் பாக்கி.

உண்ணாமலை ஒரு இலையோடு வந்தாளாம்.

"எங்க வர்ற? அங்கியே நில்லு," என்றார் மணியக்காரர்.

"இலை போட, ஆண்டே. எங்க வூட்டுக்காரருக்கு."

"கல்லுல நாலுன்னு வெட்டியிருக்குடி. சடையன் மூட்டை தூக்கப் போனவன். சண்டையா போட்டான்?"

"குண்டு வந்து கேட்டுச்சா ஆண்டே, நீ மூட்டையா துப்பாக்கியான்னு?"

"வாய் நீளுது பாரு," என்றார் ஒருவர். அவள் நகரவில்லை. கல்லை ஒரு தடவைதான் நடுவார்கள். இன்றைக்குச் சடையனுக்கு இலை விழாவிட்டால் இனி எந்த வருஷமும் விழாது. அது அவளுக்குத் தெரியும்.

அப்போது ஊன்றுகோல் சத்தம் கேட்டதாம். வேங்கடபதி முன்னே வந்தார்.

"கால் போயி மணல்ல கிடந்தேன். என்னை முதுகுல போட்டுக்கிட்டு நடந்தவன் சடையன்தான். அவன் தோல்பையில வாய் வச்சுத் தண்ணி குடிச்சேன். என்னை இறக்கிட்டு, இன்னொருத்தனத் தூக்கியாறேன்னு திரும்பிப் போனான். வரல."

அவருடைய அம்மா தேசம்மா கூட்டத்தில்தான் இருந்தாள். "இத்தினி நாளா ஏண்டா சொல்லல?"

"அவங்கிட்ட தண்ணி குடிச்சேன்னு சொன்னா, வூட்டுல சேப்பியோ மாட்டியோன்னு பயம்மா."

"போடா போக்கத்தவனே! நீ உசுரோட வந்ததே அந்தத் தண்ணியிலதானேடா!" தேசம்மா விடுவிடுவென்று நடந்தாளாம். நேரே உண்ணாமலையிடம் போனாளாம். "குடு புள்ள" என்று இலையை வாங்கினாளாம். நாலுக்கும் முன்னால் விரித்தாளாம்.

மணியக்காரர் தலையைச் சொறிந்தார்.

"இலை போடு, வேணாங்கல. கல்லு நாலுன்னுதான சொல்லும்? சர்க்கார் எழுத்து. அழிச்சா என்னைத்தான் ஜெயில்ல போடுவான்."

"அழிக்க வாணாம் ஆண்டே," என்றாளாம் உண்ணாமலை. "சுவத்துல பதிக்கச் சொன்ன கல்லை மண்ணுல நடுறீங்க. அதுக்கு ஆழம் எவ்ளோன்னு சர்க்காரு சொல்லிச்சா? இன்னும் ஒரு சாண் இறக்குங்க."

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் மணியக்காரரும் சிரித்துவிட்டாராம். "நாத்து நட்ட கையாச்சே, ஆழம் தெரியாதா! தோண்டுங்கடா," என்றாராம்.

கல் ஒரு சாண் இறங்கியது. 'நால்வர்' மண்ணுக்குள் போனது. 'போருக்குச் சென்று உயிர் துறந்தவர்' என்பது மட்டும் வெளியே நின்றது. எத்தனை பேர் என்று கல் சொல்லவில்லை. ஊர் சொன்னது, ஐந்து.

சடையன் எலும்பு எந்த மணலில் கிடக்கிறதோ, யாருக்கும் தெரியாது. ஆனால் ஏரிக்கரை மண் மழைக்குக் கரையும் அல்லவா? கரைந்தால் அந்தக் கடைசி வரி தலை காட்டும். அதனால் கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஊர்த்தெருவும் சேரியும் ஆளுக்கொரு கூடை மண் கொண்டுவந்து கல்லடியில் கொட்டிக் கெட்டிப்படுத்துகிறோம். ஒரு வருஷமும் தவறியதில்லை. கொட்டிக் கொட்டி அங்கே ஒரு மேடே எழும்பிவிட்டது. திருவண்ணாமலையிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஏரி திருப்பத்தில் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டுக் கூவுவார்: "சடையன் மேடு! சடையன் மேடெல்லாம் இறங்கு!"