லிசிக்கு மட்டும் வராத வைஃபை

வைஃபை வரலைன்னா எல்லாரும் முதல்ல பண்றது ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றதுதான். பாதிக் கோளாறு அதுலயே சரியாயிடும் மேடம். எங்க வீட்லயும் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

என் பேரு சகாயராணி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸ்ல வேலை. அப்பா அம்மா இல்லை. குவார்ட்டர்ஸ்ல நானும் தங்கச்சி லிசியும் மட்டும்தான். காவிரிப் பாலத்துல அவ ஸ்கூட்டியை லாரி தட்டினதுல இருந்து அவளுக்கு நடை போச்சு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பா, அவ்வளவுதான். காலையில அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, சாப்பாடு எடுத்து வச்சுட்டுக் கிளம்புவேன். சாயங்காலம் என் செருப்புச் சத்தம் கேட்டாலே "அக்கா"ன்னு குரல் வரும். நாள் முழுக்கப் பேசாம வச்சிருந்ததையெல்லாம் எங்கிட்டதான் கொட்டுவா. எங்க வீட்ல நல்ல காலம்னா அதுதான். அவளைக் கேட்டா வேற மாதிரி சொல்லுவா. முடியாத பிள்ளைங்களுக்குத் தனக்கு எது நல்லதுன்னு தெரியறதில்லை.

லேப்டாப் வாங்கிக் குடுத்ததும் நான்தான். பொழுது போகட்டும்னு. அவ கணக்குப் படிச்சவ. ஒரு ட்யூஷன் கம்பெனியில சேர்ந்து, துபாய், மஸ்கட்ல இருக்குற நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல பாடம் எடுக்க ஆரம்பிச்சா. அப்புறம் நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவா. "கொஞ்சம் இருக்கா, க்ளாஸ் போயிட்டிருக்கு." நான் ஹால்ல பையைக்கூடக் கீழ வைக்காம உக்காந்து, யார் வீட்டுப் பிள்ளைங்களோடயோ அவ சிரிக்கிறதைக் கேட்டுக்கிட்டிருப்பேன்.

ஒரு நாள் நெஜமாவே நெட் போச்சு. ஆபீஸுக்குப் போன் பண்ணி அழுதா. பர்மிஷன் போட்டுட்டு வந்து ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், வந்துடுச்சு. என் கையைப் பிடிச்சுக் கன்னத்துல வச்சுக்கிட்டா. "நீ இல்லன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?"

அவ அப்படிக் கேட்டு ரொம்ப நாளாச்சு மேடம்.

ரவுட்டர் மாட்ட வந்தவர் என் போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்திருந்தார். வீட்ல எது எது வைஃபைல இருக்குன்னு ஆபீஸ்ல இருந்தே தெரியும். பேர் மேல விரலை வச்சா அதுக்கு மட்டும் நெட் நின்னுடும். மறுபடி வச்சா வந்துடும். ஒரு மத்தியானம் சும்மா லிசியோட லேப்டாப் பேர் மேல வச்சுப் பார்த்தேன். உடனே போன் அடிச்சுது. "அக்கா, திரும்பப் போயிடுச்சுக்கா."

அதுக்கப்புறம் அடிக்கடி போச்சு.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்குற பரக்கத் அலி பாயைக் கூட்டிட்டு வந்தேன். அவர் வாசல்ல வண்டியை நிறுத்தும்போதே நெட்டை விட்டுடுவேன், லேப்டாப் நல்லா ஓடும். பாவம், அவரும் எதையெதையோ மாத்திப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் பிடிபடலையேம்மா"ன்னுட்டுப் போவார். அவர் தெரு திரும்பினதும் மறுபடி நிறுத்துவேன்.

"நான்தான் எதையாவது தப்பா அழுத்திடறேனாக்கா?"ன்னு ஒரு நாள் கேட்டா.

இருக்கலாம்னு சொன்னேன். விபத்துல தலையிலயும் அடிபட்டதால போகப்போக மறதி வரும்னு டாக்டர் அன்னிக்கே எங்கிட்ட சொன்னதாச் சொன்னேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லலை. அன்னிக்குப் பூரா அவ தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருந்தா. எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. சோறு ஊட்டிவிட்டேன். வேண்டாங்காம வாங்கிக்கிட்டா.

கொஞ்ச நாள் தன் போன்ல இருந்து ஹாட்ஸ்பாட் போட்டு க்ளாஸை ஓட்டினா. அந்தப் போன் கை தவறிக் கீழ விழுந்துடுச்சு. தவறினது என் கைதான். ரிப்பேருக்குக் குடுத்து வாங்கிட்டேன், ஆனா வாங்கிட்டேன்னு அவகிட்ட சொல்லலை. என் ஹேண்ட்பேக்லயே இருந்துச்சு.

ஆசீரைப் பத்திக் கேட்டீங்க. மண்ணச்சநல்லூர்ப் பையன். லிசியோட அதே ட்யூஷன் கம்பெனியில சயின்ஸ் எடுக்கறான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வருவான், மரியாதையான பையன்தான். ஒரு நாள் அவன் போனதும் லிசி சொன்னா, "ஸ்ரீரங்கத்துல படியே இல்லாத வீடு பார்த்திருக்காருக்கா. வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் ஒரே மட்டம். வீல்சேர்ல நானே போய் டீ போட்டுக்கலாம்." எங்க குவார்ட்டர்ஸுக்குப் படி உண்டு. அதுல அவளைத் தூக்கி இறக்குறது நான். சந்தோஷம்மான்னு சொல்லிட்டு, நான் போடுற டீயை ஆத்தி அவகிட்ட குடுத்தேன்.

வியாழக்கிழமை அவளோட க்ளாஸை மேலதிகாரி உக்காந்து பார்க்கிறதா இருந்துச்சு. இன்னொரு தடவை பாதியில போச்சுன்னா வேலை இல்லைன்னு சொல்லியிருந்தாங்க. காலையில அவளுக்கு நல்ல சுடிதாரா எடுத்துப் போட்டுவிட்டு, நெத்தியில சிலுவை போட்டேன். பாதுகாப்புக்காக எப்பவும் போல வெளிய பூட்டிக்கிட்டுக் கிளம்பினேன். ஆபீஸ்ல க்ளாஸ் நேரம் பார்த்து விரலை வச்சேன்.

ரவுட்டரைக் கொஞ்ச நாள் முன்னாடி பீரோ மேல மாத்தியிருந்தேன். அவ பீரோவைப் பிடிச்சு எழுந்து நின்னு, தொடப்பக் கட்டையால அதோட சுவிட்சைத் தட்டப் பார்த்திருக்கா. விழுந்துட்டா. தொடை எலும்பு முறிஞ்சுடுச்சு. தவழ்ந்து போய் வயரைப் பிடிச்சு லேப்டாப்பைக் கீழ இழுத்திருக்கா. கத்திப் பார்த்திருக்கா. அக்கம்பக்கத்துல எல்லாரும் வேலைக்குப் போறவங்க.

தடுத்து வச்ச லேப்டாப் ஒவ்வொரு தடவை நெட்டுக்கு முயற்சி பண்ணும்போதும் என் போனுக்கு அறிவிப்பு வரும். வந்துக்கிட்டே இருந்துச்சு. க்ளாஸ் நேரம் முடிஞ்சும் வந்துச்சு. அப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு மேடம். க்ளாஸுக்காக இருந்தா அதோட நின்னிருக்கும். அவளுக்கு ஏதோ ஆயிடுச்சு. விட்டுடலாம்னு அவ பேர் மேல விரலைக் கொண்டு போனேன். விட்டா அவ முதல்ல கூப்பிடறது என்னையா ஆசீரையான்னு ஒரு நினைப்பு வந்துச்சு. விரலை எடுத்துட்டேன்.

எங்கேயும் போக மாட்டா, நாம போய்த் தூக்கிக்கலாம்னு இருந்துட்டேன். அறிவிப்புச் சத்தம் பக்கத்து சீட்ல இருக்குறவங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சு, போனை சைலண்ட்ல போட்டேன். ஆபீஸ் விட்டதும் நேரா வீட்டுக்குப் போகலை. சத்திரம் போய் அவளுக்குப் பிடிச்ச பலாச்சுளை வாங்கினேன். நல்ல சுளையாப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நான் போறதுக்குள்ள ஆசீர் கதவை உடைச்சிருந்தான். க்ளாஸ்ல அவளைக் காணோம்னு தேடி வந்தானாம். அவ உதடெல்லாம் வெடிச்சு, உடுத்தின துணியோட ஈரத்துல கிடந்தா, கால்ல எறும்பு மொய்ச்சிருந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கான். சரியாத்தான் சொல்லியிருக்கான். நானும் பார்த்தேன். "அக்கா வந்துட்டேன்டா"ன்னு குனிஞ்சேன். அவ முகத்தை அவன் சட்டைக்குள்ள திருப்பிக்கிட்டா.

எல்லாம் நான் பண்ணதுதான். நீங்க வாக்குமூலத்தை எழுதி முடிச்சதும் கையெழுத்துப் போட்டுடறேன். ஆஸ்பத்திரியில என்னை உள்ள விட வேண்டாம்னு நர்ஸுகிட்ட அவளே சொன்னாளாம். மருந்து மயக்கம் மேடம், அதைப் பெரிசா எடுத்துக்க வேண்டாம். ஒரு உதவி மட்டும் செய்யுங்க. ஆசீர் அவ கையில புதுசா ஒரு போன் குடுத்து வச்சிருக்கானாம். அதைக் கொஞ்ச நேரம் வாங்கி வைக்கச் சொல்லுங்க. வெளிய யாருமே கிடைக்கலைன்னா, தானா என்னைத்தான் கேப்பா.