வெயிலில் காய்ந்த அத்திப்பால்

“இன்னைக்கே அந்த அத்தியை வெட்டணும், லெச்சுமியக்கா. இல்லாட்டி எங்க வீட்டு ஆளு பால்கத்தியோட வருவாரு.”

“வரச் சொல்லு. குடிக்காம கத்திய நேராப் புடிக்கிற நாளாப் பார்த்து வரச் சொல்லு.”

“எங்க தண்ணிக் கான் பூரா ஒங்க மரத்து எலதான். வவ்வா எச்சம் வேற. பழத்தக் காட்டி மாப்புள புடிக்கப் பார்த்தீங்க. வந்தவங்க பழத்தத் தின்னுட்டு எங்க வாசப் பக்கம் திரும்பிட்டாங்க. அதுக்கு நாங்க என்ன செய்யிறது?”

தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கிற ஆறு காம்பராவும் வாசலுக்கு வந்து நின்று கேட்டது. கத்தியவள் சுகந்தினி, பதில் சொன்னது நான். இப்போது நீங்கள் குடிவந்திருக்கிற காம்பராவில்தான் அப்போது இருந்தாள். நீங்கள் அத்திக் கம்பு கேட்டு வந்தீர்கள், தருகிறேன். அதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரி நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேறு வாயில் கேட்டால் கூட்டிச் சொல்வார்கள். இந்த லயத்தில் கூட்டிச் சொல்கிற வேலை இத்தனை நாளும் என்னுடையதாகத்தான் இருந்தது.

அத்தி வளர்ப்பது பெரிய காரியமில்லை. பென்சில் கனத்தில் கம்பு, மூன்று கணு இருந்தால் போதும். வெட்டுவாயில் பால் நிற்கும்வரை நிழலில் வைத்து, மணலும் தென்னந் தும்புத்தூளும் கலந்து நட வேண்டும். நம் பக்கத்து மழை அதற்கு ஆகாது. அடியில் தண்ணீர் தேங்காமல் மேடு கட்டுங்கள். அடுப்புச் சாம்பல், ஆட்டெரு போடலாம். பழத்துக்குப் பழைய சேலைத் துணியில் பை.

கிளை கழிப்பதென்றால் மட்டும் மேகம் மூடிய நாளாகப் பார்த்து, கையை மறைத்துக்கொண்டு கழியுங்கள். முதல் வருடம் நான் வெறுங்கையோடு உச்சி வெயிலில் கழித்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் முழங்கைவரை கொப்புளம். டிஸ்பென்சரி டாக்டர் மாத்தயா பார்த்துவிட்டு, இந்தப் பாலும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்துபோகும் என்றார். என் மகள் மதுஷாதான் ஒரு மாதம் மருந்து போட்டுவிட்டாள். மற்றவர்களிடம் கஞ்சி கொட்டிவிட்டது என்றேன். சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். இது ரப்பர் தோட்டம். பால் வெட்டுகிற கையில் பால் காயும், உரித்து உருட்டி எறிவார்கள். பால் சுடும் என்றால் சிரிப்பார்கள்.

கஹவத்தையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர்களின் மகன் உதயராஜ். அவனுக்கு முதலில் பார்க்க வந்தது என் மதுஷாவைத்தான். அவன் அம்மா பதினொரு பழம் தின்றார். வீட்டுக்குப் போய்ச் சொல்வதாகச் சொன்னவர், போகிற வழியில் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சுகந்தினி மகள் தர்மிளாவைப் பார்த்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. சண்டை நடந்தது வியாழக்கிழமை.

சனிக்கிழமை காலையில் தர்மிளா என்னிடம் வந்தாள். நல்ல பிள்ளை, தாயைப் போல இல்லை.

“பெரியம்மா, அம்மா பேசுனத மனசுல வச்சுக்காதீங்க.”

“சேச்சே. அவ வாயி எனக்குத் தெரியாதா? நீ இங்க வா. அந்த மருவோடவா நாளைக்கு அவங்க முன்னுக்கு நிக்கப்போற?”

இடது கன்னத்தில் மிளகு போல மூன்று. அத்திப்பால் வைத்தால் மரு உதிரும் என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. ஆகவே நான் பொய் சொல்லவில்லை. இலைக் காம்பை ஒடித்துப் பஞ்சில் பாலெடுத்தேன். மருவில் மட்டும் வைத்திருக்கலாம். நெற்றி, இரண்டு கன்னம், தாடை, இமை என்று முழுக்கப் பூசினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

“ரப்பர் சீட்டு காயிற மாதிரி காயணும். மொகத்த வெயிலுக்குக் காட்டி அந்தக் கல்லுல ஒக்காரு.”

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து, பழம் பிட்டு ஊட்டினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த மதுஷா அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் துணி அவள் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காம்பராவிலிருந்து கேட்ட சத்தத்தை நான் சொல்லப்போவதில்லை. மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றபோது தர்மிளாவின் முகம் முழுக்கக் கொப்புளம். ஒரு கண் திறக்கவே இல்லை. உதயராஜின் அம்மா வாசல்படியிலிருந்து காலைப் பின்னுக்கு எடுத்தார். கான் ஓரமாக அவரிடம், “இவங்க தாத்தாவுக்கும் இப்புடித்தான்னு சொல்லுவாங்க” என்றேன். அவ்வளவுதான். யார் சொல்வார்கள் என்று அவர் கேட்கவில்லை.

இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றும்போது நான்தான் தலையைத் தாங்கிப் பிடித்தேன். அவள் என் கையைத் தடவிக் கண்டுபிடித்து, காதோடு கேட்டாள்.

“பெரியம்மா, முழுசாக் காயமுந்தியே உரிச்சிட்டேன். அதனாலயா?”

“ஆமாம்மா” என்றேன். “யார்கிட்டயும் சொல்லாத. ஒன்னோட தப்புன்னு அம்மா அடிப்பா.”

சொல்லவில்லை. வைத்தியர்களிடம்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் ஏன் நகர்ந்து உட்காருகிறீர்கள்? எனக்கும்தான் பயம். மழைக்காலத்தில் மரம் தானாகக் கிளை முறித்துக்கொண்டு பால் வடிக்கும். பார்த்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். சந்தியில் பஸ் நின்றால் இறங்குவது யாரென்று பார்க்காமல் இருக்க முடிவதில்லை. போன மாதம் தர்மிளா எனக்குப் போன் எடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “பெரியம்மா, தழும்பு மறையிறதுக்கு ஒங்க மரத்துல ஏதாச்சும் இருக்கா?” என்றாள்.

தர்மிளா இப்போது கேகாலையில் சித்தி வீட்டில் தையல் வேலை செய்கிறாள். இடது கண்ணுக்குப் பார்வை பாதிதான். சுகந்தினியும் புருஷனும் அடுத்த மாதமே காம்பராவைக் காலி செய்துவிட்டு மகளோடு போய்விட்டார்கள். அடுத்து வந்த சித்திரையில் உதயராஜ் என் மதுஷாவைக் கட்டிக் கஹவத்தைக்குக் கூட்டிப்போனான். பேரனுக்கு ஒரு வயதாகிறது. இங்கே கொண்டுவருவதில்லை, நுளம்பு கடிக்குமாம்.

நலுங்கு அன்றைக்கு லயத்துப் பெண்கள் ஆறு பேர் வரிசையாக வந்து மதுஷாவுக்கு மஞ்சள் பூசினார்கள். ஒவ்வொருவருக்கும் குனிந்து கன்னத்தைக் காட்டினாள். கடைசியாக நான் கை நீட்டியபோது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, “நீங்க வேணாம்மா, நீங்க வேணாம்மா” என்று சுவரோடு ஒடுங்கினாள். எல்லோரும் பார்த்தார்கள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மஞ்சள் ஒத்துக்கொள்ளாது.