தம்பியைத் தேடும் கம்ப்யூட்டர்

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"நம்ம கம்ப்யூட்டரு இன்னமும் உங்க தம்பியத் தேடுதாமுங்க."

"என்னது?"

"ஃபோல்டரு தெறக்க அவ்வளவு நேரமாகுதுல்ல? ரிப்பேர்காரர் பாத்தாரு. மாடியில உங்க தம்பி கம்ப்யூட்டரோட வயர் போட்டுச் சேத்து வெச்சிருந்தீங்களே, ஒவ்வொரு வாட்டியும் அதத் தேடிட்டு நிக்குதாம்."

"வீட்டப் பாகம் பிரிச்சன்னைக்கே அவன் வயர அறுத்துட்டானே."

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? உங்களுக்கே இன்னும் தெரியலீங்களே."



"மெதுவாவே தெறக்கட்டும், புள்ள. நாளைக்கு அவன் வந்து சேந்துக்கிட்டான்னா?"

"அவரு மகளுக்கு நிச்சயம் பண்ணுனாரே, கீழ எறங்கி ஒரு வார்த்த சொன்னாரா? மேளச்சத்தம் கேட்டுத்தானுங்க நமக்கே தெரிஞ்சுது."

"அதுக்கு?"

"ரிப்பேர்காரர்கிட்ட நேத்தே அந்த இணைப்ப எடுத்துடச் சொல்லிட்டேனுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மைசூர் அக்ரஹாரம் ஸ்டாப்பில் இறங்கும்போதுதான் கேட்டார்.

"இப்பச் சீக்கிரம் தெறக்குதா?"

"தொட்டதும் தெறக்குதுங்க."

அவளுக்காக நிற்காமல் அவர் ரோட்டைக் கடந்து போனார்.